நாற்பத்தொரு வீட்டில் ஒரே விளக்கு

முத்தக்கா என்பது அவள் பெயரல்ல. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கடை முதலாளிக்கே அது சம்பளத் தாளைப் பார்த்தால்தான் ஞாபகத்துக்கு வரும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஏதோ ஒரு வருடம் யாரோ சொல்லப்போக, மறுநாளே கல்லூரி முழுக்க அவள் முத்தக்கா ஆகிவிட்டாள். கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே உள்ள நகல் கடையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறாள். உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தக் கடையில் இருப்பது ஒரே நாற்காலி, அதில் முதலாளி இருப்பார்.

கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு நகல் இயந்திரங்கள். ஒன்று வேலை செய்யும், மற்றது செய்வதுபோல் சத்தம் போடும். தாள் சிக்கினால் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சூட்டோடு சூடாக அதை உருவி எடுக்க அவள் ஒருத்தியால்தான் முடியும். வலது கை விரல் நுனியில் மசித்தூள் ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு. அந்த விரலைக்கொண்டுதான் அத்தனை அழகாக எழுதினாள்.

விண்ணப்பம் நிரப்பித் தருவது கடையின் தொழிலில் சேராது. அதற்கு அவள் காசு வாங்குவதும் கிடையாது. "இது என்ன தர்ம சத்திரமா?" என்று முதலாளி ஆரம்பத்தில் முணுமுணுத்தார். ஒரு விண்ணப்பத்துக்கு ஒன்பது நகல் இணைக்க வேண்டும், அந்த ஒன்பதும் தன் கடையிலேயே எடுக்கப்படுகிறது என்று கணக்குப் புரிந்த நாளிலிருந்து முணுமுணுப்பு நின்றுவிட்டது.

அந்த உதவித்தொகை விண்ணப்பத்தைத் தயாரித்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் நான்கு வார்த்தை கேட்கலாம். பதினான்கு பக்கம். நான்காம் பிரிவில் குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்வி. விண்ணப்பதாரரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதற்கு ஏழாம் பிரிவைப் பார்க்கச் சொல்லும். ஏழாம் பிரிவைப் புரட்டினால், நான்காம் பிரிவில் சொன்னபடி என்று இருக்கும். வசதி உள்ளவன் இந்தத் தாளைத் தொடவே மாட்டான். இல்லாதவன்தான் தொடுவான். அவன் தொடக்கூடாது என்பதற்காகவே செய்தது மாதிரி இருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியைப் பார்க்கவே பதினான்கு பக்கம்.

முத்தக்காவுக்கு இந்தத் தாள்கள்மேல் இருந்த கோபம் நேற்றுப் பிறந்ததல்ல. பதினெட்டு வயதில் அவளுக்கும் இதே கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா சாமான் ஏற்றும் வேன் ஓட்டினார். கட்டணத்தைக் கேட்டு இருவரும் விழித்துக்கொண்டு நின்றபோது, கூடத்தில் துணி விரித்த மேஜை ஒன்று தெரிந்தது. மேலே பெரிய எழுத்தில் 'உடனடிக் கல்வி உதவி' என்று போட்டிருந்தது. அங்கே இருந்தவர் எழுந்து நின்று வரவேற்றார்; அதுவரை அந்தக் கல்லூரியில் அவர்களுக்காக எழுந்து நின்ற ஒரே மனிதர் அவர்தான். இது திருப்பிக் கட்ட வேண்டியதா என்று அப்பா கேட்டதற்கு, "அதெல்லாம் படிச்சு முடிச்சப்புறம் பாத்துக்கலாம் சார்," என்றார். அப்பாவை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சார் என்று கூப்பிட்டிருக்கிறார். கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்?

இரண்டாம் வருடக் கடைசியில் அப்பாவின் இடுப்பு எலும்பு விலகி, வேன் விற்கப்பட்டு, அவள் படிப்பு நின்றது. படிப்புதான் நின்றதே தவிர, வாங்கிய கடன் நிற்கவில்லை. முடிக்காத படிப்புக்கு ஒன்பது வருடம் கட்டினாள். இந்த நகல் கடைக்கு அவள் வந்ததே அதைக் கட்டத்தான்.

அதுகூடப் பரவாயில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் யாரோ ஒரு பெண் நகலெடுக்கக் கொண்டுவந்த தாளை எதேச்சையாகப் படித்தாள். முழுக் கட்டண விலக்குக்கான விண்ணப்பம். வருமான வரம்பு போட்டிருந்தது. அப்பாவின் வருமானம் அந்த வரம்பில் பாதிகூட வராது. எத்தனை வருடமாக இது இருக்கிறது என்று விசாரித்தாள். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறதாம். எங்கே கொடுப்பார்கள்? அந்த மேஜை போட்டிருந்த கூடத்துக்குப் பக்கத்து அறையில். பக்கத்து அறையில்! நடுவில் ஒரு சுவர். அன்றைக்கு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அந்தப் பக்கம் போங்கள் என்று கை காட்டியிருந்தால் போதும். அன்று அவள் இயந்திரத்தின் மூடியை அடித்து மூடிய வேகத்தில் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. அந்தக் கண்ணாடிக்கும் முதலாளி சம்பளத்தில் பிடித்தார்.

அதிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொரு அப்பா அம்மாவிடமும் அவள் ஒரே பாட்டைப் பாடினாள்.

"உதவின்னு எழுதியிருந்தா உடனே கும்பிடாதீங்க. மொதல்ல ஒரு கேள்வி கேளுங்க. இந்தப் பணத்தைத் திருப்பித் தரணுமா, வேணாமா? தர வேணாம்னா அது உதவித்தொகை, இல்ல கட்டண விலக்கு. நல்லது, வாங்கிக்குங்க. நூலகத்துல, ஆய்வுக்கூடத்துல வேல செஞ்சு கழிக்கலாம்னா, அதுவும் சரி. திருப்பித் தரணும்னா அது கடன். கடன் வாங்கறது தப்பில்ல. ஆனா மத்த எல்லாக் கதவையும் தட்டிட்டு, கடைசியா அந்தக் கதவுக்குப் போங்க. அதுவும் வாயால சொன்னா நம்பாதீங்க. எழுத்துல எங்க இருக்குன்னு கேளுங்க."

இவ்வளவு தெளிவாக இருந்தவள்தான் ஒரு தப்புச் செய்தாள். நகல் கடைக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் 'தேவை விளக்கக் கடிதம்' என்று ஒன்று உண்டு. எனக்கு ஏன் உதவி வேண்டும் என்று மாணவர் எழுத வேண்டும். நான்கு வருடம் முன்பு ஒரு கொத்தனாரின் மகன் இரண்டே வரி எழுதினான். 'படிக்க விருப்பம். கட்டப் பணம் இல்லை.' தேவை போதுமான அளவு விளக்கப்படவில்லை என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவன் இப்போது அப்பாவோடு செங்கல் தூக்குகிறான். மறுவருடம் துணி தேய்ப்பவரின் மகளுக்கு முத்தக்காவே எழுதிக்கொடுத்தாள். அந்த வீட்டில் நிஜமாகவே ஒரே ஒரு விளக்குதான். 'எங்கள் வீட்டில் ஒரே ஒரு விளக்குதான் எரிகிறது. அதன் கீழ் மூன்று பேர் படிக்கிறோம்' என்று ஆரம்பித்து, படிப்பவர் மனம் இளகும்படி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். உதவித்தொகைக் கமிட்டியில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று கல்லூரிப் பியூன் வந்து சொன்னார். பணம் வந்தது.

பலித்த மருந்தை யார் மாற்றுவார்கள்? அதற்கடுத்த வருடம் பதினேழு பேருக்கு அதே கடிதம். அதற்கடுத்து முப்பது. எல்லாம் அவள் கையால், முத்து முத்தாக. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்றால், எப்படி அழுதால் பால் கிடைக்கிறதோ அப்படி அழுதுவிட்டுப் போகலாமே. உதவிப் பிரிவில் முன்பிருந்த அலுவலர் பக்கங்களை எண்ணிப் பார்ப்பாரே தவிர, படிக்கும் பழக்கம் உள்ளவரல்ல. எல்லாருக்கும் பணம் வந்தது. இந்த வருடம் நாற்பத்தொரு பேர்.

அதில் ஒருத்தி லிஃப்ட்காரர் மகள். லிஃப்ட்காரர் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மேலும் கீழும் போய்வருகிறவர். "நான் ஏறாத ஒசரமா? என்ன, அஞ்சாவது மாடிக்கு மேல போனதில்ல," என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். மகளுக்குப் புள்ளியியல் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அந்த வார்த்தை அவர் வாயில் நுழையவில்லை. "பொண்ணு புள்ளி ஏதோ படிக்கப் போகுது," என்று எந்த மாடிக்கு யார் ஏறினாலும் சொன்னார். அந்தப் பெண் அதிகம் பேசாது. முத்தக்கா எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, "அக்கா, எங்க வீட்ல மூணு விளக்கு இருக்கே," என்று மட்டும் சொன்னது.

"இருந்தா இருந்துட்டுப் போகுது. கையெழுத்தப் போடு," என்றாள் முத்தக்கா.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கட்டணமோ, உதவி உத்தரவோ வந்து சேராவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். புதன்கிழமை சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். முத்தக்காவுக்கு விஷயம் வியாழன் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தெரிந்தது. அதுவும் பியூன் தேநீர் குடிக்க வந்தபோது சொல்லித்தான். நாற்பத்தொரு விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன. காரணம்: 'ஒரே கையெழுத்து, ஒரே வாசகம். நம்பகத்தன்மை ஐயத்துக்குரியது.'

கையில் இருந்த தாளை அப்படியே போட்டுவிட்டுச் சாலையைக் கடந்தாள். பின்னால் முதலாளி கத்தியது அவள் காதில் ஏறவில்லை.

உதவிப் பிரிவுக்கு இந்த வருடம் புது அலுவலர். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத தலை. நாற்பத்தொரு கடிதங்களையும் ஒரே நாளில், ஒரே இருப்பில் படித்தவர்.

"நீங்க யாரு? பேரண்ட்டா?"

"இல்ல."

"அப்ப ஸ்டூடண்ட்டா?"

"பாத்தா எப்படித் தெரியுது? எதிர்த்த கடை. அதெல்லாம் எழுதினது நான்தான்."

அவர் கடிதங்களைச் சீட்டுக்கட்டுபோல் மேஜைமேல் பரப்பினார். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். "எங்கள் வீட்டில் ஒரே ஒரு விளக்குதான் எரிகிறது. இது ஒண்ணு. எங்கள் வீட்டில் ஒரே ஒரு விளக்குதான் எரிகிறது. இது ரெண்டு. ஏம்மா, நாப்பத்தொரு வீட்லயும் ஒரே ஒரு விளக்கா? இந்தப் பையன் வீட்டுக்கு ஒரே பிள்ளைன்னு நாலாம் பிரிவுல இருக்கு. அந்த விளக்குக்குக் கீழ கூட உக்காந்து படிக்கிற மத்த ரெண்டு பேரு யாரு?"

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். முத்தக்காவுக்கு முகம் சுட்டது. தப்பு அவள்மேல்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவள்மேல் மட்டும்தானா?

"சார், வருமானச் சான்று இணைச்சிருக்கோமில்ல? அது பொய்யா?"

"அத சரிபார்த்தாச்சு. அது உண்மைதான்."

"மார்க் சீட்டு பொய்யா?"

"இல்ல."

"அப்ப அவங்களுக்குப் பணம் இல்லைங்கறது உங்களுக்குத் தெரியும். நல்லாப் படிக்கறாங்கங்கறதும் தெரியும். தெரிஞ்சுகிட்டே எதுக்கு சார் கடுதாசி கேக்கறீங்க? நாலு வருஷம் முந்தி ஒரு பையன் உள்ளத உள்ளபடி ரெண்டு வரியில எழுதினான். பத்தாதுன்னு இதே ஆபீஸ்தான் திருப்பி அனுப்புச்சு. நீங்க கேட்டது விளக்கம் இல்ல சார், ஒப்பாரி. ஒப்பாரிக்கு எத்தன மெட்டு இருக்கும்? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்."

அலுவலர் கடிதங்களை ஒழுங்காக அடுக்கினார். விதிமுறை தான் போட்டதல்ல என்றார். மாணவர் தன் கையால் தன் தேவையை எழுதித் தரட்டும், நாளை பன்னிரண்டுக்குள் வந்தால் பார்க்கிறேன் என்றார். அத்தோடு விட்டிருந்தால் நல்ல மனிதர் என்றே சொல்லியிருக்கலாம். "அதுவும் முடியலைன்னா ஒண்ணும் கொறஞ்சு போயிடல. கூடத்துல மேஜை போட்டிருக்காங்க. அரைமணி நேரத்துல ஆயிடும். அதுவும் உதவிதானே?" என்றும் சொன்னார்.

அதுவும் உதவிதானாம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஒரு கூட்டம் வெளியே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வழிகாட்ட உள்ளே ஒரு சம்பளக்காரர்.

கூடத்துக்கு வந்தாள். மேஜைமேல் விரித்த துணி மாறியிருந்தது, எழுந்து நிற்கிற ஆளும் மாறியிருந்தான். 'உடனடிக் கல்வி உதவி' மாறவில்லை. எதிர் நாற்காலியில் லிஃப்ட்காரர், சீருடையைக்கூட மாற்றாமல், பேனாவைப் பிடித்தபடி குனிந்திருந்தார். மகள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

முத்தக்கா பேனாவைப் பிடுங்கினாள். கேட்டு வாங்கவில்லை, பிடுங்கினாள்.

"மேடம், இது அவங்க முடிவு," என்றான் மேஜைக்காரன்.

"ஆமா, அவங்க முடிவுதான். வட்டி எவ்வளவுன்னு அவருகிட்டச் சொன்னியா?"

"அது பதினொண்ணாம் பக்கத்துல இருக்கு."

"அவரு கையெழுத்துப் போடற எடம் மொதப் பக்கத்துல இருக்கு. ஏம்ப்பா?"

லிஃப்ட்காரர் கையைப் பிசைந்தார். "சீட்டு போயிடும்மா. பன்னண்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் போயிடுமாம். எனக்கு வேற என்ன தெரியும்?"

"நாளைக்குப் பன்னண்டுதானே அண்ணே? இன்னும் ஒரு ராத்திரி இருக்கில்ல. பதினொன்றரை வரைக்கும் எனக்குக் குடுங்க. அப்பவும் ஆகலைன்னா நானே பேனாவக் கையில குடுக்கறேன்."

சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுடைய இடம் போனால் அது இந்தக் கையெழுத்தால் போனதாகத்தான் இருக்கும்.

விண்ணப்பங்களின் நகல்கள் கடையில் இருந்தன. அதிலிருந்த எண்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் போட்டாள். ஆறு மணிக்குள் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒன்பது பேர் வரவில்லை. நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் காலையிலேயே மேஜைக்காரன் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு அவர்களைக் கூப்பிட்டிருக்கிறான். பட்டியல் அவன் கைக்கு எப்படிப் போயிற்று என்பதை நாம் கேட்கக்கூடாது. ஒன்பது பேரில் ஒருவர் கிடங்கு வாட்ச்மேன். போனை எடுத்ததும் அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"காலையிலயே ஆயிடுச்சும்மா! உதவி கெடச்சிருச்சு பையனுக்கு. எல்லாம் நீ எழுதின நேரம். என்ன மரியாத தெரியுமா, சார் சார்னுதான் கூப்பிட்டாங்க."

முத்தக்கா "சரிண்ணே" என்று போனை வைத்துவிட்டு, இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்சநேரம் நின்றாள். அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது, தாளுக்குக் காசு யார் தருவார்கள் என்று முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பார்த்த பார்வையில், கேட்டதை அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார். முப்பத்திரண்டு பிள்ளைகள் நடைபாதை விளிம்பிலும், படியிலும், மூடிய பக்கத்துக் கடைக் கதவில் சாய்ந்தும் தாளோடு உட்கார்ந்தார்கள்.

"சொல்லுங்கக்கா, எழுதிக்கறோம்," என்றார்கள்.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "நான் சொன்னா மறுபடி அந்த விளக்குதான் வரும். உங்க வீட்டப் பத்தி நீங்களே எழுதுங்க."

யாரும் பேனாவை அசைக்கவில்லை. தன் வீட்டுத் தரித்திரத்தை முன்பின் தெரியாத ஒருவர் ரசிக்கும்படி எழுது என்றால் எந்தப் பிள்ளைக்கு வரும்? ஒரு பையன், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு போடலாமாக்கா? ஆனா நல்லாத்தான் இருக்காங்க," என்றான். இன்னொரு பெண் எழுதியதை அடித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் லிஃப்ட்காரர் மகள் மட்டும் தலையைத் தூக்காமல் எழுதியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து நின்று, "படிக்கட்டுமா?" என்றது.

'என் அப்பாவின் வருட வருமானம் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். சான்று இணைத்திருக்கிறேன். உங்கள் கட்டணம் தொண்ணூற்றாறாயிரம். எங்கள் வீட்டு வாடகை வருடத்துக்கு நாற்பத்தெட்டாயிரம், ரசீது இணைத்திருக்கிறேன். கழித்துப் பாருங்கள். நாங்கள் நான்கு பேரும் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை.'

அவ்வளவுதான். லிஃப்ட்காரர் வேறெங்கோ பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்த பெண், "எங்க வீட்டுக்கும் இதேதான். தொகை மட்டும் வேற," என்றது. இன்னொருவன், "எனக்கும்," என்றான். மற்ற முப்பத்தொரு பேனாக்களும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன.

முத்தக்காவுக்குத் திக்கென்றது. மறுபடியும் ஒரே வாசகம்! வேண்டாம், மாற்றி எழுதுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதை மாற்றுவது? ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய்யாக எழுதியபோது நாற்பத்தொரு பேருக்கும் ஒன்றாக இருந்தது தப்பு. உண்மையே முப்பத்திரண்டு வீட்டிலும் ஒன்றாக இருந்தால் அந்தத் தப்பு யாருடையது? பல்லைக் கடித்துக்கொண்டு, கேட்டவர்களுக்கு இன்னொரு தாள் எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உதவிப் பிரிவின் வாசலில் வரிசை. முதலில் லிஃப்ட்காரர் மகள், பக்கத்தில் அப்பா. அலுவலர் கடிதத்தைப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், ஒன்றுமில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார். கழிச்சுப் பாக்கலையே நீங்க," என்றது அந்தப் பெண்.

வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கால்குலேட்டரை இழுத்துத் தட்டினார். கழித்தல் குறியோடு பன்னிரண்டாயிரம் வந்தது. அழித்துவிட்டு, தப்பாகத் தட்டிவிட்டதுபோல் மறுபடி தட்டினார். மறுபடியும் அதே பன்னிரண்டாயிரம், அதே கழித்தல் குறி. கொஞ்சநேரம் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தவர், முத்திரையை எடுத்து உத்தரவில் குத்தினார்.

லிஃப்ட்காரர் தாளை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. "சார், இத திருப்பித் தரணுமா?"

"வேண்டாம்."

"அது எழுத்துல எங்க சார் இருக்கு?"

அலுவலர் ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு, விரலை வைத்துக் காட்டினார். லிஃப்ட்காரர் அந்த இடத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை வரிசை காத்திருந்தது. மணி பதினொன்றே கால். மகளின் இடம் நிலைத்துவிட்டது. மகள் அப்பாவின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனது.

இரண்டாவது கடிதத்தைப் படித்தார். மூன்றாவதைப் படித்தார். நிமிர்ந்து, கதவோரம் நின்ற முத்தக்காவைத் தேடிப் பிடித்தார்.

"மறுபடியுமா?"

"கையெழுத்தப் பாருங்க சார். முப்பத்திரண்டும் வேற வேற."

அவர் பார்த்தார். கோழி கிளறியது மாதிரி ஒன்று, சாய்ந்து விழுவதுபோல் ஒன்று, கோட்டுக்குள் அடங்காமல் ஒன்று. ஒன்றுகூட முத்து முத்தாக இல்லை. பெருமூச்சு விட்டுக் கால்குலேட்டரை மறுபடி பக்கத்தில் இழுத்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்வரை கழித்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் எல்லாரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். திங்கட்கிழமை காலை பலகையில் புது அறிவிப்பு, வண்ண எழுத்தில். 'இந்த ஆண்டு விண்ணப்பித்த நாற்பத்தொரு மாணவர்களுக்கும் நிதி உதவி வழங்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' கீழே நாற்பத்தொரு பெயர்களும் ஒரே வரிசையில். முப்பத்திரண்டு பேர் வாங்கியதும் உதவி, ஒன்பது பேர் தலையில் கட்டியதும் உதவி. வாட்ச்மேன் அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாராம், கிடங்கில் எல்லாரிடமும் காட்ட.

கடையில் தடித்த கறுப்பு மை பேனா ஒன்று உண்டு, பெட்டிகள்மேல் எழுத. முத்தக்கா அதை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். வகுப்பு விடுகிற நேரம், கூடம் நிறையப் பிள்ளைகள். ஒன்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேடி, நேரே 'கடன்' என்று எழுதினாள். அவசரப்படவில்லை. சுழி சுழியாக, எப்போதும் எழுதுவதுபோலவே அழகாக எழுதினாள்.

பியூன் ஓடிவந்தார். "அக்கா, என்னக்கா பண்றீங்க? யாரு எழுதினதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவருதான் கையெழுத்தப் பாத்தே கண்டுபிடிப்பாரே."

வாட்ச்மேன் மகனின் பெயர் கடைசியில் இருந்தது. அதற்கு நேராக மட்டும், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி, பெரிதாக எழுதினாள்.